12 நாள் காசி, 32 தொட்டி

அம்மாவுக்கு 73 வயது. “கண்ணு தெரியுறப்பவே காசியப் பாத்துடணும்டி” என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருடமும் நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். மகளின் பரீட்சை, இவருடைய ஆபீஸில் ஆடிட், நான் கணக்கு எழுதும் கடையில் ஸ்டாக் எடுப்பு. நிஜக் காரணம் வேறு. மதுரை திருநகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 32 செடித் தொட்டி இருக்கிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் யார் தண்ணீர் ஊற்றுவது? இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று ஆடிட் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முன்கதை ஒன்று உண்டு. மகளைக் கல்லூரியில் சேர்க்கக் கோயம்புத்தூர் போய் ஆறு நாள் தங்க வேண்டி வந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன். எங்கள் மாடிக்கு இரும்புச் சுழல்படி. அக்காவுக்கு முழங்கால் வலி. இரண்டு நாள் ஏறியிருக்கிறார், மூன்றாம் நாள் முடியவில்லை; என்னிடம் சொல்லவும் கூச்சம். திரும்பி வந்தபோது ஒன்பது செடி சருகாக நின்றது. அக்கா கண் கலங்கிவிட்டார். செடி போனதைவிட அதுதான் எனக்கு உறுத்தியது. இனி யாரையும் ஏறச் சொல்வதில்லை, ஒன்று செடிகளை விட வேண்டும், இல்லையென்றால் ஊருக்குப் போவதை விட வேண்டும் என்று இரண்டாவதை விட்டேன்.

போன டிசம்பரில் அம்மா ஒரு காரியம் செய்தாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்துத் தைத்து, அவற்றின் பின்பக்கத்தில் “ஏக், தோ, தீன், சார்” என்று இந்தி எண்களைத் தமிழில் எழுதிப் படித்துக்கொண்டிருந்தாள். ரிக்‌ஷாக்காரனிடம் ஏமாறக்கூடாதாம். 73 வயதில் இட்லிக்கு நடுவே “பந்த்ரா, சோலா” என்று முணுமுணுக்கும் ஒருத்தியிடம் இனி எந்த ஆடிட்டைக் காட்டுவது?

முதலில் டிக்கெட். கன்னியாகுமரியிலிருந்து மதுரை வழியாகப் பனாரஸ் போகும் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் 2023 டிசம்பரில் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு வண்டி. அதில் போய், ஒரு வாரம் அங்கே இருந்து, அதிலேயே திரும்பினால் வீட்டை விட்டு இருக்கும் நாள் 12. முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே டிக்கெட் போடலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். போகிற டிக்கெட் ஒரு நாள் திறக்கும், வருகிற டிக்கெட் ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத்தான் திறக்கும். முதல் டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் இரண்டாவதை மறந்துவிட நிறைய வாய்ப்பு உண்டு. நான் காலண்டரில் இரண்டு தேதியையும் சிவப்பில் வட்டம் போட்டு வைத்தேன்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். மூத்த குடிமக்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு ஒன்று இருக்கிறது. ஆனால் ஒரு டிக்கெட்டில் அப்படிப்பட்டவர்கள் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அதில் போடலாம். மூன்று பேரையும் ஒரே டிக்கெட்டில் அடைத்தால் கிடைக்காது. அம்மாவுக்கும் எனக்கும் ஒரு டிக்கெட், இவருக்குத் தனி டிக்கெட் என்று போட்டேன். எனக்கு 46. இந்த வயது ஆனதற்கு எனக்குக் கிடைத்த முதல் சலுகை.

தேதி பிப்ரவரிக் கடைசி. சிவராத்திரிக் கூட்டம் வடிந்திருக்கும், வடக்கே குளிரும் விட்டிருக்கும். இரண்டு மாதம் கையில் இருக்கிறது என்ற தெம்பில் முதல் மாதத்தை ஒன்றும் செய்யாமல் ஓட்டினேன்.

சரி, தண்ணீர்க் கதைக்கு வருகிறேன்.

பேனாவைப் பிடித்தே பழகிய கை இது. அதனால் பைப்பை வாங்குவதற்கு முன் கணக்குப் போட்டேன். பெரிய பையில் எட்டு மல்லி. கார்த்திகையில் கவாத்து பண்ணியது, பிப்ரவரியில் துளிர்த்து மொட்டு கட்டும் நேரம். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியின் ஏழைச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு 2 லிட்டர். கத்தரி, தக்காளி, வெண்டை, நாலு தொட்டி கொத்தவரை என்று 14 காய்கறித் தொட்டி, ஒன்றரை லிட்டர் வீதம். புதினா, கற்பூரவல்லி, கீரை என்று பத்துச் சின்னத் தொட்டி, அரை லிட்டர் வீதம். 16, 21, 5. ஆக 42 லிட்டர். 12 நாளுக்கு 504. மாடிப்படி அறைக்கு மேலே 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி இருக்கிறது. நிரப்பிவிட்டுப் போனால் மோட்டாரே போட வேண்டாம். தண்ணீர் போதும், அதைச் செடிக்குச் செடி பிரித்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. சொட்டுநீர் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். உசிலம்பட்டிப் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன், கறுப்பு ஓஸ் ஓடும், சொட்டுச் சொட்டாய் விழும், இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. வடக்கு வெளி வீதிப் பக்கம் ஒரு கடையில் 16 மில்லிமீட்டர் கறுப்பு ஓஸ் 30 மீட்டர், தண்ணீரைச் சொட்டவிடும் பொத்தான் மாதிரியான டிரிப்பர் 40, ஓட்டை போடும் பஞ்ச், ஓஸை இணைக்கும் டி, எல்போ எல்லாம் வாங்கினேன். ஓஸை இணைப்பில் மாட்டுவதற்குள் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, சொம்பில் வெந்நீர் வைத்து ஓஸின் நுனியை அரை நிமிடம் முக்கினால் வெண்ணெய் போல் உள்ளே இறங்கிவிடும். எல்லாம் மாட்டி, குழாயைத் திறந்தேன். முதல் நாலு டிரிப்பர் கொஞ்சம் வடிந்தது. மற்றவை வாயைத் திறக்கவே இல்லை.

மறுநாள் அதே கடை. கவுன்டரில் இருந்த தம்பி டிரிப்பரைப் பார்த்ததும் கேட்டார்: “அக்கா, மோட்டார் வச்சு ஓட்டுறீங்களா, தொட்டித் தண்ணியா?”

“தொட்டித் தண்ணிதான்.”

“எவ்வளவு உசரம்?”

“மாடியிலிருந்து ஒரு எட்டு, ஒம்பது அடி இருக்கும்.”

“அப்ப இது சரிப்படாதுக்கா. இது வயக்காட்டுக்குள்ளது. ஒரு பார் பிரஷராவது வேணும்.”

பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் ஒரு பார் அழுத்தம் வரும். என் தொட்டியின் அடிப்பாகம் செடிகளிலிருந்து இரண்டரை மீட்டர் உயரம். தொட்டி நிரம்பி இருந்தால் இன்னொரு 1.2 மீட்டர் சேரும். மொத்தமே 0.37 பார்; தொட்டி காலியாகக் காலியாக 0.25-க்கு இறங்கும். நான் வாங்கியது அழுத்தத்தைத் தானே சமப்படுத்திக்கொள்ளும் ரகம். உள்ளே ஒரு சின்ன ரப்பர் தகடு இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். விலை அதிகமாக இருந்ததால் நல்லது என்று நினைத்து வாங்கியிருந்தேன். தம்பி மாற்றிக் கொடுத்தது, தொப்பியைத் திருகித் திருகி அளவை வைத்துக்கொள்ளும் சாதாரண டிரிப்பர். ஒன்று ஐந்து ரூபாய். இது குறைந்த அழுத்தத்திலும் வடியும். ஆனால் ஒவ்வொன்றையும் நாம்தான் உட்கார்ந்து திருகி வைக்க வேண்டும்.

குறித்த நேரத்தில் தண்ணீரைத் தானே திறந்து மூடும் டைமரிலும் அதே தப்பை இன்னொரு தடவை செய்தேன். ஆன்லைனில் வாங்கியது. பேட்டரி போட்டதும் க்ளிக் என்றது, திறந்தது, அழகாகத் தண்ணீர் வந்தது. மூடும் நேரத்தில் இன்னொரு க்ளிக். தண்ணீர் மட்டும் நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தது. பழுதுபட்ட பொருளை அனுப்பிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே திருப்பி அனுப்பினேன். பழுது பொருளில் இல்லை. அது சொலினாய்டு வால்வு. அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வை அழுத்தி மூடுவது தண்ணீரின் அழுத்தம்தான். மின்சாரம் ஒரு சின்னத் துவாரத்தைத்தான் திறந்து மூடுகிறது. என் மாடித் தொட்டியின் அழுத்தம் அந்தச் சவ்வை இறுக்க மாட்டேன் என்றது. இதற்கு வேண்டியது பால் வால்வு டைமர். உள்ளே ஓட்டை போட்ட உருண்டை ஒன்றை ஒரு குட்டி மோட்டார் திருப்பும். தொட்டியில் தண்ணீரே இல்லாவிட்டாலும் அது திறக்கும், மூடும். பெட்டியின் மேல் பூஜ்யம் பாரில் இயங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எனக்கு ஆன செலவு மொத்தம் 4,300 ரூபாய். அதில் 1,100 அழுத்தம் என்றால் என்ன என்று படித்ததற்கான ஃபீஸ்.

டைமரை மாட்டுவது ஒரு தனி நாள். மாடிக் குழாய் அரை இஞ்ச், டைமர் முக்கால் இஞ்ச், நடுவில் ஒரு அடாப்டர். மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும் என்பது தெரியும், எங்கள் பிளம்பர் சுற்றுவதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். சுற்றி, திருகி, தண்ணீரைத் திறந்தால் ஒழுகியது. கழற்றிப் பார்த்தேன். டேப் மொத்தமும் சுருண்டு, பூணூல் மாதிரி மரையின் அடியில் கிடந்தது. இன்னும் அதிகமாகச் சுற்றினேன், ஒழுகியது. மூன்றாவது தடவை, கழற்றும்போது மெதுவாகப் பார்த்ததில்தான் புரிந்தது, நான் சுற்றிய திசை தப்பு. மரையின் முனை நம் முகத்தைப் பார்த்து இருக்க, கடிகார முள் போகும் பக்கமாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் திருகத் திருக டேப் இறுகும். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போதே பிரிந்து வழித்துக்கொண்டு வந்துவிடும். ஐந்து சுற்று, லேசாக இழுத்துப் பிடித்து, மரையின் வரி தெரிகிற அளவுக்கு. நாலாவது தடவை ஒரு சொட்டுகூட வரவில்லை. அந்த அடாப்டரைக் கொஞ்ச நேரம் சும்மா தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு தடவை பார்த்த பிளம்பர் எந்தப் பக்கம் சுற்றுவார் என்பதை ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை நான்.

குழாய்க்கும் டைமருக்கும் நடுவில் ஒரு ஜல்லடை ஃபில்டர். எங்கள் போர் தண்ணீர் உப்பு. வாளியின் அடியில் வெள்ளை படியும். தொட்டியின் அடியில் இருக்கும் மண்டியும் அந்த உப்புப் பொடியும் டிரிப்பரின் வாயை அடைத்துவிடும். அடைத்துக்கொண்ட டிரிப்பர்களை எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டால் காலையில் வாய் திறந்துவிடுகிறது. கெட்டிலுக்கு என்று வாங்கி வைத்திருந்தது உதவியது.

பிறகு நாலு காலை, ஆறு மணியிலிருந்து ஏழு வரை, ஒரு 200 மில்லி டம்ளரும் போனுமாக மாடியில் உட்கார்ந்தேன். திருப்பரங்குன்றத்து மலை மேல் வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே டிரிப்பர் திருகுவது மோசமான வேலை இல்லை. காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம் என்று டைமரில் வைத்தேன். அப்படியானால் மல்லிக்கு டம்ளர் 4 நிமிடத்தில் நிரம்ப வேண்டும், காய்கறிக்கு ஐந்தேகாலில், சின்னத் தொட்டிகளுக்கு 16 நிமிடத்தில். ஒன்றைத் திருகினால் இன்னொன்று மாறும். கடைசித் தொட்டி வரை போய்விட்டு முதலுக்கு வந்தால் முதல் தொட்டி வேறு வேகத்தில் வடிந்துகொண்டிருக்கும். இதைவிட டிரையல் பேலன்ஸை டேலி பண்ணுவது சுலபம்.

இங்கே நான் எதிர்பார்க்காத ஒன்று: ஸ்டாண்டு. மூன்றடி இரும்பு ஸ்டாண்டில் ஆறு சின்னத் தொட்டி இருக்கிறது. மொத்தமே மூன்றரை மீட்டர் உயரத்தை நம்பி ஓடும் தண்ணீருக்கு அந்த மூன்றடி பெரிய மலை. கால்வாசி அழுத்தம் அதிலேயே போய்விடும். தரையில் இருக்கும் டிரிப்பரையும் ஸ்டாண்டில் இருப்பதையும் ஒரே மாதிரி திருகினால் மேலே இருப்பது பட்டினி. மேலே இருப்பவற்றின் தொப்பியை நன்றாகத் தளர்த்தி வைத்தேன். ஸ்டாண்டிலிருந்து கீழே இறக்கி வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை. அது எனக்கு ரயிலில் போகும்போதுதான் தோன்றியது.

முதல் பரீட்சை ராமேஸ்வரத்துக்குப் போன அன்று. காசிக்குப் போகிறவர்கள் முதலில் ராமேஸ்வரத்துக் கடற்கரை மணலை எடுத்துக்கொண்டு போய்த் திரிவேணியில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வது வழக்கம். அம்மா அதில் ஒன்றைக்கூட விட மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் கிளம்பினோம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தின் மேல் வண்டி போனபோது எல்லோரும் ஜன்னலில் தொங்கினார்கள். அம்மா கும்பிட்டாள். நான் மணி பார்த்தேன். மாலை டைமர் திறக்கும் நேரம். ராத்திரி வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாத் தொட்டியும் ஈரம். ஒரு சேலை முந்தி மணலும் ஒரு ஈரமான மாடியும், நல்ல நாள்.

ஒரு நாள் ஓடியதை நம்பக்கூடாது என்பதற்காக, கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு ஒத்திகை வைத்தேன். மூன்று நாள் நான் மாடிக்கே போவதில்லை. ஊரில் இருந்துகொண்டே ஊரில் இல்லாத மாதிரி. துணி காயப்போட இவர்தான் போனார். “செடி எப்படி இருக்கு” என்று கேட்கக்கூடாது என்று எனக்கு நானே தடை. இவர் கீழே வந்து “ஒண்ணும் பாக்கலப்பா” என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். மூன்றாம் நாள் மாலை ஏறினேன். இரண்டு டிரிப்பர் தொட்டிக்கு வெளியே கிடந்தது, தரை நனைந்து பாசி பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஓஸ் வெயிலில் நீண்டு பாம்பு மாதிரி நெளிந்து, ஒரு மல்லியின் மேல் சாய்ந்திருந்தது. டிரிப்பரைப் பிடுங்கியது காக்கை. அது மறுநாள் என் கண்ணெதிரேயே வந்து, மூன்றாவதையும் அலகால் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனது. அதற்கும் தாகம்தானே. மாடியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தேன். டிரிப்பர்களின் மேல் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைக் கவிழ்த்தேன். ஓஸை அங்கங்கே கட்டுக்கம்பியால் செங்கலோடு கட்டினேன்.

கீழே வாசலில் துளசி மாடமும் வராந்தாவில் இரண்டு மணிபிளான்ட்டும் தனி. அங்கே ஓஸ் வராது. ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் தண்ணீர் வைத்து, கயிற்றின் ஒரு முனையைக் கேனிலும் மறு முனையை மண்ணிலும் புதைத்தால் தண்ணீர் தானே ஏறி வரும் என்று படித்திருந்தேன். வீட்டில் இருந்த நைலான் கயிற்றைப் போட்டேன். இரண்டு நாளாகியும் மண் பொடியாக இருந்தது. அம்மா வந்து பார்த்தாள். “பிளாஸ்டிக்குல எங்கிட்டு தண்ணி ஏறும்? விளக்குக்குத் திரி போடுறப்ப நைலான்லயா போடுவ?” என்று கேட்டுவிட்டு, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தொடையில் வைத்து உருட்டி, சுண்டுவிரல் தடிமனுக்கு மூன்று திரி செய்து கொடுத்தாள். முழுத் திரியையும் முதலில் தண்ணீரில் நனைத்துவிட்டுப் போட வேண்டும், கேன் தொட்டியைவிட ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். மறுநாள் காலையில் துளசியின் மண் கறுத்திருந்தது. இந்தத் திட்டத்திலேயே செலவில்லாமல், முதல் தடவையே சரியாக வேலை செய்தது அது ஒன்றுதான். அதைச் செய்தவள் நான் இல்லை.

கிளம்பும் வாரத்து வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பால், பேப்பர் நிறுத்தினோம், கேஸ் மூடினோம், கரன்ட் பில் கட்டினோம், ஃபிரிட்ஜைக் காலி செய்தோம், பக்கத்து ஸ்டேஷனில் வீடு பூட்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்தோம். தொட்டியிலிருந்து வீட்டுக்குள் வரும் லைனின் வால்வை மறக்காமல் மூடினேன். குளியலறைக் குழாய் ஒன்று சொட்டும் பழக்கமுள்ளது, 12 நாளில் அது எவ்வளவு குடிக்கும் என்று தெரியாது. டைமருக்குப் புதுப் பேட்டரி. தொட்டி நிரம்பி வழிந்தபின் மோட்டாரின் ஃபியூஸைக் கழற்றினேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் இந்தத் தடவை சாவி கொடுத்தேன், ஆனால் மாடிக்காக இல்லை. வாசலில் ஒரு கோலம் மட்டும் போட்டால் போதும் என்றேன். “அது தினமும் போட்டுர்றேம்மா, அதுக்கு எதுக்குச் சாவி?” என்றார். இருக்கட்டும் என்றேன்.

நல்ல வேளை, சாவி அவரிடம் இருந்தது. காசியில் நாங்கள் அனுமன் காட் பக்கம் தங்கியிருந்தோம். பாரதியார் இளவயதில் அத்தை வீட்டில் இருந்து படித்த பகுதி அது. தெருவில் தமிழ்ப் பலகைகள் பார்க்கலாம், காலையில் இட்லி கிடைத்தது. அம்மா ரிக்‌ஷாக்காரரிடம் “பச்சாஸ்” (ஐம்பது) என்று சொல்லி, அவர் “சௌ” (நூறு) என்றபோது எண்களில் அவ்வளவு தூரம் படிக்கவில்லை என்று விழித்தாள். கிளம்பி ஐந்தாம் நாள் காலை, படித்துறையில் இருக்கும்போது அக்கா போன் செய்தார்.

“ஏம்மா, மாடிலேர்ந்து மழத்தண்ணி குழாய் வழியா ஊத்துதே, நீதான் விட்டுட்டுப் போனியா?”

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அக்கா ஏறக்கூடாது. அவருடைய மகன் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வீடியோ காலில் அவனை மாடிக்கு ஏற்றினேன். படம் ஆடிக்கொண்டே போனது: படி, கொடிக்கயிறு, அவன் செருப்பு, பிறகு என் கொத்தவரை. ஓஸின் கடைசி முனையில் மாட்டியிருந்த எண்ட் கேப் கழன்று கிடந்தது. பகல் வெயிலில் நீண்டு, ராத்திரிக் குளிரில் சுருங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்க வேண்டும். நான் வழி முழுக்கச் செங்கலில் கட்டினேன், கடைசி முழத்தை விட்டுவிட்டேன்.

“தம்பி, அந்த முனைய அப்படியே மடக்கி, கயித்தால இறுக்கிக் கட்டிடு. வேற ஒண்ணும் வேணாம்.”

“கேப் மாட்ட வேணாமா அத்த?”

“வேணாம்டா. மடக்கினா போதும்.”

கொடியிலிருந்த கிளிப் ஒன்றையும் சேர்த்து மாட்டினான். மடக்கிக் கட்டிய ஓஸில் தண்ணீர் போகாது. கடையில் விற்கும் கேப் செய்வதும் அந்த மடிப்பைப் பிடித்துக்கொள்வதுதான். பிறகு சின்டெக்ஸ் தொட்டியைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். மேலிருந்து கீழாக விரலால் தட்டிக்கொண்டே வந்தால் காலியான இடத்தில் டங் என்றும் தண்ணீர் இருக்கும் இடத்தில் டப் என்றும் கேட்கும். போனிலேயே கேட்டது. பாதிக்குக் கொஞ்சம் மேல். டைமர் 20 நிமிடத்தில் மூடிவிடுவதால்தான் அது மிச்சம். முந்தின நாள் மாலையிலும் அன்று காலையிலுமாக இரண்டு தடவை ஊற்றியிருக்க வேண்டும். வெறும் குழாயைத் திறந்து வைத்திருந்தால் அன்று மதியத்துக்குள் தொட்டி காய்ந்திருக்கும். படித்துறைப் படியில் உட்கார்ந்து ரயில் டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டேன். ஏழு நாள், 42 லிட்டர், 294. போதும். அழுத்தம்தான் குறையும். ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. ஒன்றும் செய்வதற்கில்லை, கங்கையில் இறங்கி முழுகினேன்.

திரும்பி வந்த அன்று சாயங்காலம், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முதலில் மாடிக்குப் போனேன். எட்டு மல்லியும் நன்றாக இருந்தது; இரண்டில் மொட்டு. காய்கறித் தொட்டி எல்லாம் பிழைத்திருந்தது, ஒரு தக்காளி மட்டும் இலை சுருண்டிருந்தது, அது தண்ணீரால் வந்ததில்லை. ஸ்டாண்டில் இருந்த ஆறில் புதினா முழுக்கப் போய்விட்டது, கீரை இரண்டு தொட்டி பாதி. நினைத்தபடிதான். நினைக்காதது கற்பூரவல்லி. ஸ்டாண்டின் அடியில் தரையில் இருந்தது. அதன் சொந்த டிரிப்பர் போதாதென்று மேல் தொட்டிகளின் கசிவும் அதன் மேல் விழுந்து தண்டு அழுகிக் குழகுழவென்று இருந்தது. 12 நாளும் காய்ந்துவிடும் காய்ந்துவிடும் என்று பயந்தேன், அது மூழ்கிச் செத்திருக்கிறது. டிரிப்பர்களில் மூன்று உப்பு கட்டி அடைத்திருந்தது. எலுமிச்சை உப்பில் போட்டேன். ஸ்டாண்டை அன்று இரவே இவரும் நானுமாகக் கீழே இறக்கி ஓரம் வைத்தோம். கடைசி முனையை மடக்கிக் கட்டியதை அவிழ்க்கவில்லை, தம்பி மாட்டிய கிளிப்போடு அப்படியே இருக்கிறது.

துளசிக் கேனில் இன்னும் அரை லிட்டர் மிச்சம் இருந்தது. திரி பச்சைப் பாசி பிடித்துவிட்டது, ஆனால் ஈரம்.

மறுநாள் காலை சமையலுக்குக் காய் பறிக்கப் போனேன். காசிக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வர வேண்டும், அதன்பின் ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது. நான் எதை விடுவது என்று யோசித்து ஒரு காயைச் சொல்வதற்குள் அம்மா கங்கையில் நின்றுகொண்டு கொத்தவரங்காய் என்று சொல்லிவிட்டாள். மாடியில் நாலு தொட்டிக் கொத்தவரை, ஒரு இலைகூட வாடாமல், கொத்துக் கொத்தாகக் காய்த்து நின்றது. பறித்ததில் முக்கால் கிலோவுக்குக் குறையாது. பாதியைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன்.